கசிவில்லாத பேழை

மூல நட்சத்திரம் காலை ஆறு பன்னிரண்டுக்கு முடிந்தது. ஆறு பதின்மூன்றுக்கு உலகம்மை திறப்புப் பொத்தானை அழுத்தினாள். பேழை திறக்கவில்லை.

மறுபடி அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. 'திறப்பாணை அனுப்பப்பட்டது' என்று திரையில் எழுத்து ஓடியது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, கதவு அசையவில்லை என்பதைத் தவிர. பேழையின் கண்ணாடியில் உள்ளே இருப்பவள் தெரியவில்லை. உலகம்மையின் முகம்தான் தெரிந்தது, நெற்றிப்பொட்டு உட்படத் துல்லியமாக.

"என்னக்கா?" என்றான் பின்னால் நின்ற தம்பி நயினார். உள்ளே இருப்பது அவன் மனைவி செண்பகம். முந்தின நாள் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பிரசவ வலியின் நடுவில் அவளைப் படுக்க வைத்து மூடியிருந்தார்கள்.

"கொஞ்சம் பொறுல" என்றாள் உலகம்மை. மூன்றாம் முறை அழுத்தினாள்.

உறைபேழைகள் வந்து அப்போது பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. பேழைக்குள் காலம் ஊர்ந்துதான் போகும். வெளியே ஒரு நாள் கழிந்தால் உள்ளே ஒரு நொடி. அந்த ஒரு நொடியைக் கசிவு என்பார்கள். முதலில் பாலையும் தோசை மாவையும் வைத்தார்கள். பிறகு சங்கரன்கோவில் பிச்சிப்பூ மொட்டு அவிழாமல் துபாய்க்குப் போனது. விபத்தில் அடிபட்டவர்களைப் பேழையில் வைத்து, சாவகாசமாக டாக்டரைத் தேடினார்கள். அதோடு விட்டார்களா நம் ஆட்கள்? யாரோ ஒரு பெரிய வீட்டு மருமகளுக்குக் கரிநாளில் வலி கண்டதாம், பேழைக்குள் வைத்து மறுநாள் முகூர்த்தத்தில் திறந்தார்களாம். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. பாளையங்கோட்டையில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி முழுவதும் பேழைகளாகிவிட்டன. வராந்தாவில் பஞ்சாங்கமும் பிளாஸ்க்குமாகச் சொந்தபந்தங்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் வரிசையில் காத்திருந்து, நல்ல நேரம் பார்த்துப் பிறந்தன. மூலத்திலும் ஆயில்யத்திலும் பிரசவ வார்டில் ஈ ஓட்டினார்கள்.

இந்தக் கூத்தையெல்லாம் கட்டி மேய்க்கும் தலைமைப் பொறியாளர் உலகம்மை. அவளே மூல நட்சத்திரம். நாற்பத்தொரு வயதில் கழுத்தில் ஒரு தாலி ஏறவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியையும் பஜ்ஜியையும் தின்றுவிட்டு, ஜாதகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, எழுந்து போனார்கள். மாமனாருக்கு ஆகாது என்றான் ஒருவன். தெருவில் போகிறவனுக்கே ஆகாது என்பதுபோல் பார்த்தான் இன்னொருவன். அவள் ஜாதகத்தை நம்பியவள் இல்லை. ஆனால் நம்பாதவளையும் அது விடவில்லையே!

புதன்கிழமை காலை செண்பகத்தைக் கொண்டுவந்தபோது டாக்டர் ஜெபராணி, "தலை நல்லா இறங்கிட்டு. அடுத்த வலியிலயே பிள்ளை வந்துரும்" என்றாள். ஜெபராணி உலகம்மையோடு பத்து வருடம் வேலை பார்த்தவள், பேழை வியாபாரம் பிடிக்காமல் அதிலேயே சம்பளம் வாங்குகிறவள்.

உலகம்மையின் அப்பா சிதம்பரதாணு, ரிடையரான சர்வேயர், ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்காத மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மகளிடம் வந்தார்.

"ஏட்டி, ஒரு நாளைக்கு ஒரு நொடி கசியும்லா?"

"ஆமாப்பா."

"அந்த ஒரு நொடியும் மூலந்தானே? அதுக்குள்ள பிள்ளை வெளிய வந்துட்டா என்ன பண்ணுவ?"

வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். அன்று சிரிக்கவில்லை. பிறக்கப் போவது பெண் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையும் ஒரு நாள் கேசரித் தட்டோடு கூடத்தில் வந்து நிற்கும் என்ற எண்ணம் வந்தது. கசிவைக் குறைக்கலாம் என்று தோன்றியது. கசிவை அடைப்பதில் தமிழ்நாட்டில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒவ்வொரு திருகாக இறுக்கினாள். 'முழுச் சுழியத்தை எட்ட முடியாது' என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எப்படியும் ஒரு துளி மிஞ்சத்தான் போகிறது என்ற தைரியத்தில் பாதுகாப்புப் பூட்டையும் எடுத்துவிட்டு, இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள். கண்ணாடி பளிச்சென்று ஆனது. வேலை சுத்தம் என்று அவளே தன் தோளைத் தட்டிக்கொண்டாள்.

கையேடு எழுதியவனுக்கு உலகம்மையைத் தெரியாது.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் அவளுக்கு எல்லாம் புரிந்துபோனது. கசிவுமானியின் முள் சுழியத்தில் செத்துக் கிடந்தது. உள்ளே காலம் மெதுவாக ஓடவில்லை, ஓடவே இல்லை. திறப்பாணை உள்ளே போய் வேலை செய்ய ஒரு கணமாவது வேண்டும். கணமே இல்லாத இடத்தில் அது எங்கே நுழையும்? ஒளியே நுழைய முடியாமல் திரும்பி வருகிறது, அதனால்தான் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது.

"கரண்ட்டை நிப்பாட்டுக்கா!" என்று கத்தினான் நயினார்.

நிறுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. ஓடுகிற காலத்தைப் பிடித்து வைக்கத்தான் மின்சாரம் வேண்டும். நின்றுபோன காலத்துக்கு எதுவும் வேண்டாம். வைர ஊசி வைத்துத் துளைத்தார்கள், ஊசிதான் தேய்ந்தது. சென்னையிலிருந்து ஆறு பேர் வந்தார்கள், பேழையைச் சுற்றி வந்தார்கள், காப்பி குடித்தார்கள், போய்விட்டார்கள். நயினார் பேழையில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். அவனுக்கு எதிரே அவனே அழுதுகொண்டிருந்தான்.

பத்தாம் நாள் ஜெபராணி பேழை அறைக்குள் வந்து, உலகம்மைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"சண்டே ஸ்கூல்ல படிக்கும்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். உலகத்தைப் படைக்கதுக்கு முன்னால கடவுள் என்ன செஞ்சிட்டு இருந்தாருன்னு. பாஸ்டரையா என்னை வெளிய நிக்க வச்சிட்டாரு."

"இப்ப எதுக்கு டாக்டர் அது?"

"வெளிய நிக்கும்போது யோசிச்சேன். ஒண்ணுமே நடக்காத இடத்துல, இப்ப ஆரம்பிக்கலாம்னு எப்படித் தோணும்? நேத்துத் தோணாதது இன்னைக்கு எதுக்குத் தோணணும்? நேத்து, இன்னைக்குன்னே ஒண்ணு கிடையாதே. இந்தப் பெட்டியப் பாத்ததும் அது ஞாபகம் வந்துச்சு. உள்ள இருந்து யாரும் ஆரம்பிக்க முடியாது. வெளிய இருந்தும் முடியாது. ஆனா எங்கயோ ஒரு தடவை ஆரம்பிச்சிருக்குல்லா? நாம இருக்கமே!"

உலகம்மையின் பார்வை, பழுதுபார்க்க வந்து சுவரோரம் கிடந்த பூக்கூடைப் பேழைகளின்மேல் போய் நின்றது. பூக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. சின்னப் பேழையைப் பெரிய பேழைக்குள் வைக்கும்போது இரண்டின் கசிவும் ஒன்றாக இருக்கக்கூடாது. ஒன்றாக இருந்துவிட்டால் சின்னதன் சுவர் தளர்ந்து, தானாகத் திறந்துகொள்ளும். உள்ளும் புறமும் ஒரே காலம் என்றால் சுவருக்கு அங்கே என்ன வேலை?

"டாக்டர்," என்றாள். "இது திறக்கும். வெளிய காலம் நின்னுச்சுன்னா திறக்கும்."

"வெளியன்னா?"

"இந்த ஊர், ஆகாசம், எல்லாந்தான். ஒரு நாள் நட்சத்திரம் பூரா அணைஞ்சு, எதுவுமே நடக்காத நிலைமை வரும்லா? அன்னைக்கு வெளியவும் சுழியம், உள்ளயும் சுழியம். சுவர் போயிரும். விட்ட இடத்துல இருந்து வலி தொடரும்."

ஜெபராணி வாயைப் பொத்திக்கொண்டாள். "அதுக்கு எத்தனை கோடி வருஷம் ஆகும்?"

"நமக்குத்தான் கோடி. செண்பகத்துக்கு ஒரு நொடிகூட இல்ல. கண்ணைச் சிமிட்டி முடிக்கும்போது அங்க இருப்பா. தனியா. அரை வலியில. பிள்ளையைப் பிடிக்க ஒரு கை இருக்காது." முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அழுது முடித்ததும் எழுந்து வேலையைத் தொடங்கினாள். கீழ்த்தளத்தில் ஒரு பேழை அறை இருந்தது, ஆம்புலன்ஸை அப்படியே உள்ளே விடுகிற அளவு பெரியது. செண்பகத்தின் பேழையை அதற்குள் தள்ளிவைத்து, அந்த அறையையும் முழுச் சுழியத்துக்குக் கொண்டுபோனால், நடுச்சுவர் இருக்காது. உள்ளே போகிறவள் செண்பகத்தோடு சேர்ந்து போய்ச் சேருவாள், எங்கே போய்ச் சேர்ந்தாலும். பேழையைக் கீழே இறக்கி உள்ளே வைத்தார்கள். ஆக்சிஜன் உருளை, தண்ணீர், சாப்பாடு, மின்கலம், விளக்கு எல்லாவற்றையும் உள்ளே அடுக்கினாள். ஜெபராணியிடம் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டாள். எங்கே பிடிக்கவேண்டும், எங்கே பிடிக்கக்கூடாது, கொடியை எப்போது வெட்டவேண்டும் என்று பதினைந்து நாள் பாடம்.

"நான்தான் போவேன்" என்றான் நயினார். "என் பொண்டாட்டி, என் பிள்ளை. நீ எதுக்குக்கா?"

"கடைசிக் கசிவை உள்ள இருந்துதான் அடைக்கணும். உனக்குத் தெரியுமா?"

"அப்ப ரெண்டு பேருமாப் போவோம்."

"மூச்சு விடுத ஒவ்வொரு உடம்பும் ஒரு கசிவுல. ஒருத்திய அடைக்கவே எனக்கு நாக்கு தள்ளும். ரெண்டு பேரு உள்ள இருந்தா முள் சுழியத்துக்கு வராது. வரலைன்னா அவ அங்க தனியாத்தான் கிடப்பா. சொல்லு, எது வேணும்?"

நயினார் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பிடித்த அதே பிடி.

இதற்குள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. திறக்க முடியாத பேழை ஊருக்கு ஆபத்து. கைவிட்ட சுரங்கம் ஒன்றில் இறக்கி, கான்கிரீட் ஊற்றி மூடவேண்டும். செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு லாரி வரும். மூடி இருபத்தேழாவது நாள்.

செவ்வாய் மூன்றேகாலுக்கு உலகம்மை கீழ்த்தளத்துக்குப் போனபோது வாசலில் சிதம்பரதாணு நின்றுகொண்டிருந்தார். இருபத்தேழு நாளாக அவள் அவரோடு பேசவில்லை. மனிதர் பாதியாக இளைத்திருந்தார். கையில் பழைய வேட்டி ஒன்று, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது.

"பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது" என்றார். "இதுல சுத்து. உன்னையும் இப்படி ஒண்ணுலதான் வாங்குனேன்."

வாங்கிக்கொண்டாள். அவர் நகரவில்லை.

"ஏட்டி... மத்தியானம் ஒண்ணரைக்கே மூலம் வந்துட்டு. இப்ப ராகு காலம் வேற நடக்கு. நாலரை வரைக்கும் பொறுக்கலாம்லா?"

அவளுக்கு வந்த கோபத்துக்கு அவரை அப்படியே சுவரில் சாய்த்திருப்பாள். "நாலு மணிக்கு லாரி வருது! இன்னுமா உங்களுக்குப் புத்தி வரல? உலகத்தை ஆரம்பிக்கும்போது உங்க சாமி எந்தப் பஞ்சாங்கத்தைப் பாத்தாரு? அப்ப மூலம் இருந்துச்சா? ராகு இருந்துச்சா? சொல்லுங்கப்பா!"

சிதம்பரதாணு இடது கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றினார், கிழமையும் காட்டுகிற பழைய கைக்கடிகாரம். மகளின் மணிக்கட்டில் அவரே கட்டிவிட்டார். வார் பெரிதாக இருந்தது. கடைசித் துளைக்கு இழுத்து மாட்டினார்.

"பிறந்த நேரத்தையாவது குறிச்சுக்கோம்மா" என்றார். "தாத்தன் கேட்டேன்னு."

அவள் அவர் தோளில் ஒரு கணம் முகத்தை வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முள் இறங்கியது. நூறில் ஒன்று. ஆயிரத்தில் ஒன்று. கதவின் வட்டக் கண்ணாடிக்கு வெளியே மனிதர்கள் விறுவிறுவென்று அசைய ஆரம்பித்தார்கள். உள்ளே காலம் மெதுவாகிறது என்பதால் அவர்கள் வேகமாகத் தெரிந்தார்கள். நயினார் ஓடிவந்து கண்ணாடியில் கை வைத்தான், எடுத்தான், வைத்தான். மஞ்சள் லாரி ஒன்று வந்தது. சட்டைகள் மாறின. வெளிச்சம் விட்டுவிட்டு அடித்தது, அவை பகல்களும் இரவுகளும் என்று அவளுக்குப் புரிந்தது. யாரும் இந்த அறையைத் தொட முடியவில்லை என்பது மட்டும் தெரிந்தது. கண்ணாடியில் வைத்த ஒரு கை நரைமுடியோடு தெரிந்தது. அது தம்பியின் கை. பிறகு அந்தக் கையும் வரவில்லை.

அவள் மூச்சு ஒவ்வொரு முறையும் முள்ளைத் தூக்கி விட்டது. மூச்சைப் பிடித்தாள். காதுக்குள் இரத்தம் இரைந்தது. கடைசித் திருகைக் கால் சுற்று இறுக்கினாள்.

"ஐயோ அம்மா!" என்று செண்பகம் அலறினாள்.

நடுவில் எதுவும் இல்லை. ஒரு இருட்டு இல்லை, ஒரு தூக்கம் இல்லை. கை இன்னும் திருகில் இருந்தது, பேழையின் சுவர் இருந்த இடத்தில் கட்டில் கிடந்தது, கட்டிலில் செண்பகம் கம்பியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். உலகம்மை கதவுக் கண்ணாடியைப் பார்த்தாள். வெளியே ஆள் இல்லை, சுவர் இல்லை, ஆகாயம் இல்லை. அது இருட்டுகூட இல்லை. பார்க்க ஒன்றும் இல்லாத இடத்தைக் கண் எப்படிப் பார்க்குமோ அப்படி இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மைனி... ஜெபராணி டாக்டர் எங்க?"

"நான் இருக்கேன்டி. பேச்சை விட்டுட்டு முக்கு."

"அவிய எங்க?"

"வெளிய நிக்கான். முக்குட்டி!"

ஜெபராணி சொல்லிக்கொடுத்தது ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தது. பிள்ளை அவள் உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தபோது அழவில்லை. உலகம்மை அதன் முதுகைத் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். இந்த அறைக்கு வெளியே, எங்குமே, உதவிக்குக் கூப்பிட ஒரு உயிர் கிடையாது என்ற நினைப்பு அப்போதுதான் முழுசாக உறைத்தது. "அழுட்டி, என் தங்கம், அழு" என்று கெஞ்சினாள்.

பிள்ளை வீலென்று கத்தியது.

கொடியை வெட்டி, வேட்டியில் சுற்றி, தாயின் மார்பில் வைத்தாள். செண்பகம் சிரித்தாள், அழுதாள், பிள்ளையின் நெற்றியை மோந்து பார்த்தாள். பிறகு பயத்தோடு தலையைத் தூக்கினாள்.

"மைனி, மூலம் முடிஞ்சிட்டுல்லா?"

"முடிஞ்சிட்டுடி" என்றாள் உலகம்மை. பொய் இல்லை. மூலம் மட்டுமா, இருபத்தேழு நட்சத்திரமும் முடிந்திருந்தன.

"நேரத்தைக் குறிச்சுக்கோங்க. மாமா கேப்பாவ."

மணிக்கட்டில் அப்பாவின் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாய், நாலு மணி ஆறு நிமிடம். இப்போது எங்கும் இருக்கிற ஒரே நேரம் அதுதான். அதைச் சரியா தப்பா என்று சொல்ல இன்னொரு கடிகாரம் கிடையாது.

கசிவுமானியின் முள் மெல்ல அசைவதைக் கண்டாள். சுழியத்துக்கு மறுபக்கம் சாய்ந்துகொண்டிருந்தது, அவள் இதுவரை பார்த்திராத பக்கம். கசிவு வெளியிலிருந்து உள்ளே வரவில்லை. உள்ளிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. இந்த அறையின் காலம், பிள்ளையின் அழுகைச் சத்தத்தோடு, அந்த ஒன்றுமில்லாததற்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. கதவுக் கண்ணாடிக்கு அப்பால், வெகு தொலைவிலா மிகப் பக்கத்திலா என்று தெரியவில்லை, பொட்டளவு வெளிச்சம் பற்றிக்கொண்டது.

அது வளரும் என்று அவளுக்குத் தெரிந்தது. அதிலிருந்து என்னென்னவோ உண்டாகும், நட்சத்திரங்கள்கூட. யாராவது அவற்றுக்குப் பெயர் வைப்பார்கள். என்றைக்கோ ஒரு பிள்ளை எழுந்து, இதற்கெல்லாம் முன்னால் என்ன நடந்தது என்று கேட்கும், கேட்டதற்காக வெளியே நிற்கும். ஒரு வீட்டார் நல்ல நேரத்துக்குக் காத்திருந்தார்கள் என்று எடுத்துச் சொல்ல யாரும் இருக்கப்போவதில்லை.

"கதவைத் திறங்க மைனி" என்றாள் செண்பகம். "அவியளும் வந்து பிள்ளையைப் பாக்கட்டும்."

உலகம்மை கதவைப் பார்த்தாள். பிறகு செண்பகத்தின் முகத்தைப் பார்த்தாள். வேர்வையில் நனைந்து, சந்தோஷத்தில் பூரித்துக் கிடந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"இப்ப ராகு காலம்டி" என்றாள். "நாலரை வரைக்கும் பொறு. அதுக்கப்புறம் திறப்போம்."